படத்துக்காகப் பிரித்த சுவர்

லாக்லனைத் தெகரேய் தன் மகனாக ஏற்றுக்கொண்டது அவன் விமானத்தை விட்டு இறங்கிய அன்று சாயங்காலமே. மனேபா என்கிற ஊர்க்கூடத்தில் எல்லோரும் பார்த்திருக்க, தன் குடும்பத்துக்கு உரிய தூணடியில் பாய் விரித்து அவனை உட்காரவைத்தாள். தலையில் பூவளையம் சூட்டி, "இனி இதுதான் உன் இடம். நீ என் வயித்துல பொறக்காத புள்ள. என்ன வேணும்னாலும் கேளு" என்றாள். மெல்பர்ன்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்கு முன் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி அதையும் எடுத்துக்கொண்டான். தன் கண்ணீரைத் தானே படம் பிடிக்கிற மனிதனைத் தபேரா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

தபேரா, தெகரேயின் மூத்த மகள். நடுக்கடல் தீவான தராவாவில் காலநிலைப் போராட்டம் என்று நாலு பேர் பதாகை பிடித்தால் படம் எடுக்கக் கூப்பிடுவது அவளைத்தான். மெல்பர்னில் இருக்கும் இயக்கத்துக்குப் படம் அனுப்பி அனுப்பி அவர்களுடைய ருசி அவளுக்கு அத்துப்படி. மோட்டார் சைக்கிள் தெரியக் கூடாது. புதுத் தகரக் கூரை தெரியக் கூடாது. யார் கையிலும் செல்போன் இருக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் சிரிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் அவள் உயிரை எடுத்தது. கேமராவைக் கண்டு சிரிக்காத ஆளை அந்தத் தீவில் சல்லடை போட்டுத்தான் தேட வேண்டும். போன வருஷம் அவள் அனுப்பிய படங்களை, 'மனம் கனக்கவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். இந்த வருஷம் மனத்தைக் கனக்கவைப்பதற்காக லாக்லனையே அனுப்பியிருந்தார்கள்.

அவளுக்கு அந்தப் படம் கட்டாயம் வேண்டியிருந்தது. பேர் வாங்க அல்ல. பாபாய்க் குழிக்காக.

பாபாய், சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா முறை. நல்ல தண்ணீர் ஊறும் வரை பவளப்பாறையைத் தோண்டி, குழிக்குள் நட்டு, தழை உரம் போட்டு, வருஷக்கணக்கில் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்க்க வேண்டும். ஊரிலிருந்த குழிகள் ஒவ்வொன்றாகக் கடலேறி உப்பாகிப்போக, மிஞ்சியது தெகரேயின் குழி ஒன்றுதான். அவளுடைய புருஷன் சாகுமுன் நட்ட கிழங்கு. தபேராவின் தங்கை குழந்தைக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். ஊரைக் கூட்டி வைக்கும் அந்த விருந்தில் இந்தக் கிழங்கைத்தான் பரிமாறுவது என்று குழந்தை பிறந்த அன்றே தெகரேய் சொல்லிவிட்டாள்.

குழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சுவர். அரிசிச் சாக்கில் மணலும் சிமெண்டும் அடைத்து ஊர்க்காரர்களே அடுக்கியது. மற்ற இடங்களில் மூட்டைகள் நனைந்து இறுகிக் கல்லாகிவிட்டன. சொல்லிவைத்தாற்போல் தெகரேயின் குழிக்கு நேரே வந்தபோது சிமெண்டு தீர்ந்துபோனது. அங்கே மட்டும் வெறும் மணல் மூட்டை. தபேரா இயக்கத்துக்கு எழுதிச் சிமெண்டு கேட்டாள். 'நாங்கள் சுவர் கட்டுவதில்லை, உலகத்தின் பார்வையைத் திருப்புகிறோம். மனத்தைத் தொடும் ஒரு படம் போதும், சுவர் தானாக வரும்' என்று பதில் வந்தது. அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, கடலுக்கு எழுதிக் கேட்க முடியாதே.

லாக்லன் ஊர் வழக்கமெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். எல்லாவற்றிலும் அவனை மயக்கியது புபூசி. உறவுக்காரர் ஒருவர் வாயைத் திறந்து, 'புபூசி' என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சட்டையானாலும் சரி, பன்றியானாலும் சரி. மறுத்தவனால் அதற்கப்புறம் மனேபாவில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. லாக்லன் தென்னைமரத்தடியில் நின்று கேமராவைப் பார்த்து இதைப் பற்றி உருகி உருகிப் பேசினான்.

"என்னடி சொல்றான்?" என்று கேட்டார் பௌரோ. தெகரேயின் அண்ணன். ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் என்று பெயர், வேலையெல்லாம் வம்புக்கு இழுப்பது.

"புபூசி ரொம்ப உசந்த பழக்கமாம் மாமா. அவங்க ஊர்ல இதத் தொலைச்சுட்டாங்களாம்."

"என்கிட்டகூடத்தான் ஒரு படகு இருந்துச்சு. போன மாசம் ஒருத்தன் வந்து புபூசின்னான். படகும் போச்சு, மீனும் போச்சு. இவன் ஊர்ல பழக்கத்தத் தொலைச்சானுங்க, படகாவது மிஞ்சிச்சு."

உலகம் முழுக்க ஒரே நாளில் நடக்கும் போராட்டம் அது. அந்த நாளில் தராவாவில் வருஷத்தின் மிகப் பெரிய கடலேற்றம். அதற்காகவே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததாக லாக்லன் பெருமையாகச் சொன்னான். மத்தியானம் சாய்ந்ததும் ஊரே தாழம்பாய் இடையில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஓர் எழுத்தாகப் பிடித்துக் கடலுக்குள் வரிசையாக நிற்க வேண்டும். 'இது உங்கள் புகை, எங்கள் வீடு' என்று ஆங்கிலத்தில் சேர்ந்து தெரிய வேண்டும். லாக்லன் பாபாய்க் குழிக்குப் பின்னால் நின்று கேமராவில் கண்ணை வைத்தான். கண்ணை எடுத்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"தபேரா, இந்தச் சுவர் படத்தக் கெடுக்குதே."

"சுவர் இல்லன்னா ஊரே கெட்டுரும்."

"அது சரி. ஆனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? அவங்களே கட்டிக்கிட்டாங்களே, அப்புறம் நாம எதுக்குன்னு போயிருவாங்க. சாக்குல அரிசிக் கம்பெனி பேரு வேற. முன்னால கிழங்கு இலை, அதுக்கு நேர கடல், கடல்ல ஜனங்க. அவ்வளவுதான் வேணும். இந்த மணல் மூட்டைங்கள மட்டும் நகத்தினா போதும். பத்தே நிமிஷம்."

தபேரா குறுக்கே வந்து நின்றாள். "ஏற்றம் வர்ற நேரம் லாக்லன். அம்மாவோட குழி இருக்கு. முடியவே முடியாது."

அவன் கெட்டவன் இல்லை. தலையாட்டினான், உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். பிறகு நேரே தெகரேயின் முன்னால் போய் மணலில் முழங்காலிட்டு, அந்த ஊர்ப் பேச்சில் தான் நெட்டுருப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னான். "அம்மா, புபூசி." மூட்டைகளைக் கையால் காட்டினான்.

கரையில் இருந்தவர்களெல்லாம் தெகரேயைத் திரும்பிப் பார்த்தார்கள். தெகரேய் குழியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி குழியைப் பார்த்தாள்.

"எடுங்கப்பா," என்றாள். "என் புள்ள கேட்டுட்டான்."

"அம்மா! அவனுக்கு என்ன தெரியும்? கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான்."

"தெரிஞ்சு கேட்டா என்ன, தெரியாம கேட்டா என்ன? புள்ள முதல் தடவையா ஒண்ணு கேக்குது. இல்லன்னு சொன்னா நான் என்ன தாய்?"

தபேரா இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். ஆனால் மூட்டைகள் ஒவ்வொன்றாக விலக, அந்த இடைவெளியில் பச்சை இலைகளுக்கு மேல் கடல் நிமிர்ந்து நின்ற அழகு அவள் கண்ணிலும் பட்டுவிட்டது. படம் எடுக்கிறவளின் கண் ஆயிற்றே. இது சுவர் வாங்கித் தரும் படம் என்று அந்தக் கண் சத்தியம் செய்தது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். வெள்ளம் வரும் நேரம் பார்த்து அணையைப் பிரித்த ஊர் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும், சிரிப்பு மட்டும் குறுக்கே வராதிருந்தால்.

"சோகமா நிக்கச் சொல்லுங்க," என்றான் லாக்லன்.

"சோகமா நிக்கணுமாம்," என்று கத்தினாள் தபேரா.

"எதுக்கு?" என்று கடலுக்குள்ளிருந்து கேட்டார் பௌரோ.

"கடல் வந்து நம்மள முழுங்கப் போகுதுல்ல மாமா."

"அது எனக்குத் தெரியாதா? முழுங்கறப்ப அழுதுக்கறேன். இப்ப எவளோ தண்ணிக்குள்ள என் காலச் சுரண்டுறா, அவள முதல்ல நிறுத்தச் சொல்லு."

பெண்கள் பக்கம் வெடித்த சிரிப்பில் எழுத்துகள் இடம் மாறிப்போயின. மறுபடி நிறுத்தினார்கள். மனசுக்குள் பழைய துக்கம் ஏதாவது நினைத்துக்கொள்ளச் சொன்னான் லாக்லன். பௌரோ முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "படகு... என் படகு..." என்று முனக, வரிசையே குலுங்கிச் சரிந்தது. அப்புறம் வானத்தில் பறக்கவிட்ட கேமராவைக் கடற்பறவைகள் துரத்தின. அதற்கும் சிரிப்பு. தபேரா போய் அவன் தோளைத் தட்டினாள்.

"நேரமாச்சு. மூட்டைய வைக்கணும்."

"ஒரே ஒரு தடவை. வெளிச்சத்தப் பாருங்க, தங்கம்!"

வெளிச்சம் தங்கமாகத்தான் இருந்தது. அந்தத் தங்கத்தைப் பூசிக்கொண்டு ஓர் அலை வந்து இடைவெளியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்தது போகவில்லை.

யாரோ அலறினார்கள். எழுத்துகளைப் போட்டுவிட்டு எல்லோரும் மூட்டைகளை நோக்கி ஓடினார்கள். தூக்கிய மூட்டைகள் நனைந்து ஊறி, கையோடு கிழிந்து மணலைக் கொட்டின. தபேரா தோள்பையைக் குழி ஓரத்தில் எறிந்துவிட்டு இடைவெளியில் தன் உடம்பையே வைத்து உட்கார்ந்தாள். கடல் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. பையையும், பைக்குள் இருந்த மடிக்கணினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கியது. தெகரேய் குழிக்குள் நின்றாள். கோழி விரட்டுவதுபோல் இரண்டு கையாலும் தண்ணீரை விரட்டினாள்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. லாக்லன் சாயங்காலம் முழுக்கக் கெஞ்சிய முகம் அத்தனை பேருக்கும் ஒன்றாக வந்தது. அவன் குழி ஓரத்தில் மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டுதான் எடுத்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அழுகையால் கை ஆடாமல் மட்டும் பார்த்துக்கொண்டான்.

விடிந்ததும் தெகரேய் குழித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"இனிமே கிழங்குக்குத் தனியா உப்புப் போட வேணாம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தழைகளை அள்ளி வெளியே போட ஆரம்பித்தாள். தபேராவுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அதைவிட, யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து லாக்லன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "தபேரா, ராத்திரியே ஒரு படம் அனுப்பிட்டேன். அம்மா கைய விரிச்சுட்டு நிக்கிறது. உலகமே பாக்குது!"

"சுவர்?"

"அது... அது வேற அமைப்புங்க செய்யறது. ஆனா கண்டிப்பா ஒரு விவாதம் ஆரம்பிக்கும்."

விவாதத்தைச் சாக்கில் அடைத்து அடுக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை. பெண்கள் புதுச் சாக்குகளில் மணல் நிரப்பி வரிசையாகக் கட்டிவைத்திருந்தார்கள். ஆண்கள் தூக்கப் போனார்கள். லாக்லனுக்கு ஒரு யோசனை வந்தது.

"கடைசிக் காட்சி இதுதான். நானும் உங்க ஜனங்களோட தோளோடு தோள் நின்னு ஒரு மூட்டை தூக்கறேன். நீங்க எடுங்க." பெரிய கேமராவை அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிப் பார்த்தாள். மூலையில் ஒரு சிவப்புக் குறி மின்னியது. அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"தூக்குங்க."

தூக்கிக்கொண்டு போய் இடைவெளியில் வைத்தான்.

"முகத்துல வெயில் விழல. இன்னொரு தடவை."

வைத்தான்.

"சிரிச்சுட்டீங்க லாக்லன்."

"நானா?"

"லேசா. மறுபடி."

அடுத்த மூட்டைக்கு இடது தோள் என்றாள். அதற்கடுத்ததற்கு, நடை ரொம்ப வேகம் என்றாள். பிறகு நடை ரொம்ப மெதுவு. பிறகு பின்னால் மோட்டார் சைக்கிள் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொருவராகத் தென்னை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பௌரோ பதநீர்க் கோப்பையும் கையுமாக யோசனை சொன்னார்.

"பழைய துக்கம் ஏதாச்சும் நினைச்சுக்கச் சொல்லுடி."

"பழைய துக்கம் நினைச்சுக்கணுமாம்," என்றாள் தபேரா.

"இடுப்பு உடையுது," என்றான் லாக்லன் உண்மையான துக்கத்தோடு.

"அதேதான்! அந்த முகத்த அப்படியே வெச்சுக்கங்க. இன்னொண்ணு தூக்குங்க."

கடைசி மூட்டையும் ஏறி இடைவெளி அடைபட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லாக்லன் மணலோடு மணலாகக் கிடந்தான். கையை மட்டும் நீட்டினான்.

"காட்டுங்க, பாப்போம்."

"ஒண்ணுமில்ல. உள்ள இருக்கற மெமரி அட்டை நேத்தே நிறைஞ்சுபோச்சு. அம்மா குழிக்குள்ள நின்னதோட சரி."

"அய்யோ! சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலியே."

அவன் கண்ணை மூடினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவன்மேல் ஒரு மரியாதை வந்திருக்கும். அவன் எழுந்து உட்கார்ந்து, கேமராவை வாங்கி மடியில் வைத்தான், சுவரைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான். அவன் கண்ணில் பழைய வெளிச்சம் திரும்பிவிட்டது.

"என்கிட்ட வேற அட்டை இருக்கு. அந்தக் கடைசி மூட்டைங்கள மட்டும் எடுத்துட்டு, ஒரே ஒரு தடவை..." என்று தெகரேயின் பக்கம் திரும்பிக் கைகளைக் கூப்பினான். "அம்மா..."

தபேரா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பௌரோ அதற்குள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பின்புற மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார், மூட்டையை எடுக்க. கேட்டால் கொடுத்தாக வேண்டுமே.

"புபூசி," என்றாள் தெகரேய், அவன் வாயிலிருந்து அந்தச் சொல் விழுமுன். குழிக்குள் நின்றபடியே, கையில் சேற்றோடு சொன்னாள். "மகனே, அந்தக் கேமராவ எனக்குக் குடு."

லாக்லன் சிரித்தான். கேமராவைக் கண்டால் சிரிக்கிற அந்த ஊரில் அன்றைக்கு அவன் ஒருவன்தான் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

"இது என்னோடது இல்லம்மா. இயக்கத்தோடது. இன்சூரன்ஸ் எல்லாம்..."

தபேரா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள்.

"சுவரும் ஊரோடதுதான்," என்றாள் தெகரேய். "நீ கேட்டப்ப நான் குடுக்கல?"

லாக்லன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து அட்டையை உருவப் போனான். பௌரோ தொண்டையைக் கனைத்தார்.

"நான் படகக் குடுத்தேன். துடுப்ப வெச்சுக்கிட்டேனா?"

மூடியை மூடி, இரண்டு கையாலும் கேமராவைக் கொடுத்தான். பாவம், நல்ல பிள்ளைதான். விமானம் ஏறுகிற அன்று தெகரேய் அவனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள், நடிப்பில்லாமல். ஓர் அழுகையை அவன் படம் பிடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அவன் அனுப்பிய அந்த ஒற்றைப் படம் ஊர் ஊராகப் போனது. பேர்கூட வாயில் நுழையாத நகரங்களின் தெருக்களில் தெகரேய் கையை விரித்துக்கொண்டு நின்றாள். 'ஏறிவரும் கடல் அழித்த கடைசிக் குழி' என்று கீழே எழுதியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மூட்டையை யார் எடுத்தார்கள் என்பது மட்டும் படத்துக்கு வெளியே நின்றது, மோட்டார் சைக்கிளைப்போல.

மீதிக் கதை முழுக்க அந்த அட்டையில் இருந்தது. தபேரா கேமராவின் சின்னத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முழங்காலிட்ட லாக்லனின் முதுகு, அவன் சொன்ன அந்தச் சொல். குழிக்குப் பின்னால் அவன் இயக்கி நிறுத்திவிட்டு மறந்த இதே கேமரா அத்தனையையும் பிடித்திருந்தது. அம்மா குழியைப் பார்த்து, அவனைப் பார்த்து, மறுபடி குழியைப் பார்க்கிறாள். அந்த இரண்டாவது பார்வையில் தபேரா ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவாள். நடக்கப்போவது எல்லாம் தெரிந்துதான் அம்மா சரி என்றிருக்கிறாள். இதைப் பார்க்கிற எவனும் ஒரு லோடு சிமெண்டு அனுப்பாமல் தூங்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமாவது மடிக்கணினி இரவல் வாங்கி, இதைத் தொகுத்து உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும்.

அதற்குள் தங்கை புருஷன் இயோதெபா வந்தான். வாசலிலேயே நெளிந்தான்.

"அக்கா, புபூசி. குழந்தை பொறந்தநாளுக்கு அந்தக் கேமரா வேணும்."

அவள் சின்னத் திரையை அணைத்தாள்.

"உள்ள இடமே இல்லியாமே. இருக்கறத அழிச்சுக்கட்டுமா? முதல் பொறந்தநாளு, ஒருதரம்தானே வரும்."

தபேரா கேமராவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி கேமராவைப் பார்த்தாள்.

"எடுத்துக்க," என்றாள்.

பிறந்தநாளுக்கு ஊரே வந்தது. இயோதெபா கேமராவைத் தூக்கிக்கொண்டு மனேபா முழுக்கச் சுற்றினான். "சிரிங்க, சிரிங்க" என்று அவன் கத்த, எல்லோரும் வஞ்சகமில்லாமல் சிரித்தார்கள். பௌரோ பல்செட்டைக் கழற்றிக் காட்டிச் சிரித்தார். தெகரேய் பேத்தியை மடியில் வைத்து முதல் கவளம் ஊட்டினாள். கவளம் சோறு. பாபாய் இல்லாத விருந்து என்பதால் அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கிப் பொங்க வேண்டியிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெண்கள் காலிச் சாக்குகளை உதறி மடித்துச் சுவர் ஓரத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். இந்த வருஷம் சாக்குக்குப் பஞ்சமில்லை.